வழியில் வந்த ஆனந்தம்

சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் ரயில், ரேணிகுண்டா, குண்டக்கல், ராய்ச்சூர், வாடி, சோலாப்பூர், தௌண்ட் என்று தக்காண பூமியைக் குறுக்காகக் கடந்து புனே நகரை அடைகிறது. ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் ஓடிக் களைத்த பிறகு, புனே சந்திப்புக்குச் சற்று முன்னால் கோர்படி என்ற சிறிய நிலையம் வருகிறது. மீரஜிலிருந்து வரும் பாதையும் அதன் அருகில்தான் வந்து சேர்கிறது. புனே நிலையத்தில் நடைமேடை காலியாகாவிட்டால் வண்டிகள் இந்தப் பக்கத்தில் சிக்னலுக்காகக் காத்து நிற்பதுண்டு.

நீண்ட பயணத்தில் மனிதனின் பொறுமையைச் சோதிப்பது முதல் ஆயிரம் கிலோமீட்டர் அல்ல, கடைசி மூன்று கிலோமீட்டர்தான். தண்ணீர் தீர்ந்துவிட்டது. குழந்தை அழுகிறது. ‘இதோ வந்துவிட்டோம்’ என்று வீட்டாருக்குத் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது, ஆனால் வண்டி அசையவில்லை. வெளியே ரயில்வே கேட் மூடியிருக்கிறது, அதன் இரு பக்கமும் வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன. கோர்படிவாசிகள் பல்லாண்டுகளாக அறிந்த காட்சி இது. உள்ளே இருப்பவருக்கும் எரிச்சல், வெளியே இருப்பவருக்கும் எரிச்சல்.

அந்த நேரத்தில் பெட்டியில் யாரோ ஒருவர் மிச்சமிருந்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, நேற்றிலிருந்து எதிரில் அமர்ந்தும் பேசாதிருந்தவரிடம் நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தயங்கி வாங்கிக்கொள்கிறார். மற்றொருவரிடம் இருந்த அரைப் பாட்டில் தண்ணீர் கைமாறுகிறது. அழுத குழந்தை அந்நியர் ஒருவரின் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்துச் சிரிக்கிறது. பெட்டியே சிரிக்கிறது. இருபது நிமிடங்கள் அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. பிறகு வண்டி நகர்கிறது. உடனே எல்லோரும் எழுந்து, மேலிருந்து மூட்டைகளை இழுத்து, ஒருவரை ஒருவர் முழங்கையால் தள்ளிக்கொண்டு வாசலை நோக்கி முண்டுகிறார்கள். குடும்பம் கலைந்துவிட்டது.

ரயிலில் நெடுந்தூரம் சென்ற எவருக்கும் இது புதிதல்ல. ஆனால் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? சற்று நேரத்தில் எங்கே போயிற்று?

தாரிகாட் நிலையத்தில்

சுவாமி விவேகானந்தர் பரிவிராஜகராக இந்தியாவைச் சுற்றிவந்த நாட்களில் நடந்த ஒரு நிகழ்ச்சி அவரது வாழ்க்கை வரலாற்றைப் படித்த அன்பர்கள் அனைவருக்கும் தெரியும். உத்தரப் பிரதேசத்தில், காஜிப்பூருக்கு எதிரே கங்கையின் மறுகரையில் உள்ள தாரிகாட் ரயில் நிலையத்தில் சுவாமிஜி இறங்குகிறார். கொளுத்தும் கோடைக்காலம். அவரிடம் பயணச்சீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை, தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடக் காசில்லை. முதல் நாளிலிருந்து உணவும் இல்லை. அதே வண்டியில் வந்த வணிகர் ஒருவர் நிழலில் வசதியாக அமர்ந்து பூரியும் லட்டும் தின்றுகொண்டு, சம்பாதிக்காமல் துறவுக்கோலம் பூண்டவனுக்கு இதுதான் கதி என்ற பாணியில் வாய்க்கு வந்தபடி ஏளனம் செய்கிறார். சுவாமிஜி பதில் சொல்லவில்லை.

அப்போது ஒரு கையில் மூட்டையும் செம்பும், மற்றொரு கையில் தண்ணீர்க் கூஜாவும், கக்கத்தில் பாயுமாக ஒருவர் விரைந்து வருகிறார். இடத்தைப் பெருக்கிப் பாயை விரித்து, ‘பாபாஜி, சாப்பிட வாருங்கள்’ என்கிறார். சுவாமிஜிக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு யாரோ என்று தவறாக எண்ணி வந்திருக்கிறீர்கள் என்று மறுக்கிறார். வந்தவர் விடுவதாக இல்லை. அவர் அவ்வூர் மிட்டாய்க் கடைக்காரர். பகலுணவுக்குப் பின் படுத்து உறங்கியபோது கனவில் ஸ்ரீராமர் தோன்றி, இந்தச் சாதுவைக் காட்டி, இவர் நேற்றிலிருந்து பட்டினி கிடப்பது தமக்கு வேதனையாக இருக்கிறது என்றாராம். விழித்துக்கொண்ட கடைக்காரர், வெறும் கனவு என்று நினைத்து, புரண்டு படுத்து மீண்டும் உறங்கிவிட்டார். ராமர் விடவில்லை. இரண்டாம் முறை வந்து அவரைத் தள்ளி எழுப்பினார். அதன் பிறகே அவர் எழுந்து பூரியும் கறியும் செய்து, இனிப்பும் குளிர்ந்த நீரும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். சுவாமிஜியின் கண்கள் கலங்கின. அவர் நன்றி கூறியபோது கடைக்காரர் அதை ஏற்கவில்லை, எல்லாம் ராமரின் திருவுள்ளம் என்றார். ஏளனம் செய்த வணிகர் வெட்கி, சுவாமிஜியின் பாதம் பணிந்தார்.

தமிழ்நாட்டு அன்பர்களுக்கு இதைக் கேட்டதும் அப்பர் பெருமான் நினைவுக்கு வருவார். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருப்பைஞ்ஞீலிக்கு அவர் நடந்து செல்லும் வழியில் பசியும் தாகமும் வாட்டின. அவரோ மனம் தளராமல் நடந்தார். சிவபெருமான் வழியில் ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, அந்தணர் வடிவில் பொதிசோற்றுடன் காத்திருந்தார் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். அப்பர் உண்டு, நீர் பருகி, களைப்பு நீங்கினார். தாமும் அதே ஊருக்குத்தான் போவதாகச் சொல்லி உடன் நடந்து வந்த அந்தணர், ஊர் நெருங்கியதும் மறைந்துவிட்டார். அப்பர் அழுது தொழுதார். 12 ஆம் நூற்றாண்டில் காவியமாகப் பாடப்பட்ட சோலைக்கும், 19 ஆம் நூற்றாண்டின் ரயில் நிலையத்துக்கும் இடையே நடந்தது ஒன்றேதான்: களைத்துப்போன ஒருவர், காத்திருந்து ஊட்டிய ஒருவர்.

ஜெர்மானிய தத்துவ அறிஞர் ஷோபன்ஹவர் (1788-1860) இதைக் கேட்டிருந்தால் எளிதாக ஒரு விளக்கம் சொல்லியிருப்பார். இன்பம் என்று தனியாக ஒன்றும் இல்லை, துன்பம் நீங்குவதையே மனிதன் இன்பம் என்கிறான் என்பது அவரது கொள்கை. பசித்தவனுக்குச் சோறு கிடைத்தது, பசி என்ற துன்பம் நீங்கியது, அவ்வளவுதான். பயணத்தில் வரும் மகிழ்ச்சிகள் பலவற்றுக்கு இந்த விளக்கம் பொருந்தவும் செய்கிறது. மூன்று மணி நேரம் நின்றுகொண்டு வந்தவனுக்கு இருக்கையின் ஓரத்தில் நான்கு அங்குலம் கிடைத்தால் அது சொர்க்கம்.

ஆனால் தாரிகாட்டில் இந்த விளக்கம் போதவில்லை. பசி தீர்ந்த சுகம் பூரிக்கு உரியது. கண்ணீர் பூரிக்கு உரியதல்ல. சுவாமிஜி ஒரு கவளம் எடுத்து வாயில் வைப்பதற்கு முன்பே அவருடைய பசி வேறெங்கோ தீர்ந்துவிட்டது.

வேதாந்த ஆசாரியர்கள் இதை நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். 14 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வித்யாரண்ய சுவாமிகளின் ‘பஞ்சதசி’ என்ற நூலின் கடைசி ஐந்து அத்தியாயங்களும் ஆனந்தத்தைப் பற்றியவை. விரும்பிய பொருள் கிடைத்ததும் மனம் ஒரு கணம் ஓடுவதை நிறுத்துகிறது. அசையாத அந்த மனத்தில் ஆத்மாவின் இயல்பான ஆனந்தம் பிரதிபலிக்கிறது. மனிதனோ அது பொருளிலிருந்து வந்ததாக எண்ணி, அடுத்த பொருளைத் துரத்துகிறான். இதுவே அவர் காட்டும் வழி. அப்படியானால் பொருள் கிடைக்காமலும் மனம் ஓடுவதை நிறுத்த முடியுமா? முடியும். தைத்திரீய உபநிஷதம் மானுட ஆனந்தத்தில் தொடங்கி நூறு நூறு மடங்காகப் பெருக்கிக்கொண்டே பிரம்மானந்தம் வரை ஏறுகிறது. மானுட நிலைக்கு மேலே ஒவ்வொரு படியிலும், அதே ஆனந்தம் வேதம் உணர்ந்த, ஆசையால் அடிபடாத மனிதனுக்கும் உண்டு என்று சேர்த்துக்கொள்கிறது. ‘அகாமஹதன்’ என்பது அங்கே வரும் சொல். காமத்தால், அதாவது விருப்பத்தால் அடிபடாதவன்.

பயணத்தில் மனிதன் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராக இருக்கிறான். முன்பதிவு செய்த இருக்கை, அட்டவணையில் அச்சிட்ட நேரம், கொடுத்த பணத்துக்கு உரிய வசதி என்று அவனுக்கு உரியவற்றின் பட்டியல் ஒன்று கையில் இருக்கிறது. களைப்பில் பாதி உடம்புடையது, மீதி இந்தப் பட்டியலுடையது. சுவாமிஜியிடம் அந்தப் பட்டியல் இல்லை. சோறு நேரே வந்து நின்றபோதும் ‘இது எனக்குரியதல்ல’ என்றுதான் அவர் சொன்னார். தனக்கு எதுவும் வரவேண்டியதில்லை என்று இருப்பவனுக்கு வருவதெல்லாம் பிரசாதம்.

1892-ல் அவர் மும்பையிலிருந்து புனேக்கு வந்ததும் இப்படித்தான். விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் பெயர் தெரியாத ஒரு துறவி தமது பெட்டியில் ஏறியதையும், வழியனுப்ப வந்த குஜராத்தி அன்பர்கள் அவரைத் தமக்கு அறிமுகப்படுத்தியதையும், அவர் எட்டுப் பத்து நாட்கள் தமது வீட்டில் தங்கியதையும் லோகமான்ய திலகர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பெயர் கேட்டால் ‘ஒரு சந்நியாசி’ என்பதே பதில். ஒரு மான்தோல், ஓரிரு துணிகள், ஒரு கமண்டலம், இவ்வளவே உடைமை. பணம் கிடையாது. போகவேண்டிய ஊருக்கு யாரேனும் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்தால் உண்டு.

பண்டரிக்கு நடப்பவர்கள்

துறவிக்கு இது சாத்தியம், பிள்ளைகுட்டிகளுடன் வாழ்பவருக்கு எப்படி என்று கேட்கலாம். அதற்கும் புனேயிலேயே விடை இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் ஆனி மாதத்தையொட்டி, தேஹுவிலிருந்து சந்த் துக்காராமின் பாதுகைகளும் ஆளந்தியிலிருந்து சந்த் ஞானேசுவரரின் பாதுகைகளும் பல்லக்கில் புறப்பட்டுப் புனேக்கு வருகின்றன. இரண்டு இரவுகள் நகரில் தங்கிய பின் கன்டோன்மென்ட் வழியாக ஹடப்ஸர் நோக்கிச் செல்கின்றன. கோர்படிக்குத் தெற்கே சிறிது தூரத்தில்தான் அந்தச் சாலை. ஹடப்ஸரில் இரு ஊர்வலங்களும் பிரிகின்றன. துக்காராமின் பல்லக்கு லோணி காள்போர் வழியே சோலாப்பூர் சாலையைப் பிடிக்கிறது. ஞானேசுவரரின் பல்லக்கு திவே காட் மலைப்பாதையில் ஏறி ஸாஸ்வட் செல்கிறது. ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ஆஷாட ஏகாதசிக்குள் போய்ச் சேரவேண்டும். இதற்கு ‘வாரி’ என்று பெயர், நடப்பவர்கள் வார்க்கரிகள்.

அவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். விதைத்துவிட்டு வருகிறார்கள். மழை பெய்தால் பாதை சேறாகும், துணி நனையும், இரவில் படுக்க இடமிராது. பெய்யாவிட்டால் நடை சுகம், ஆனால் விதைத்த வயல் காயும். ஆகவே கொட்டும் மழையில் நனைந்துகொண்டே ஆடுகிறவர்களைக் காணும் நகரவாசிக்கு அந்த ஆட்டத்தின் பாதிப் பொருள்தான் விளங்கும்.

புனேயிலிருந்து ஸாஸ்வட் வரை செல்லும் நாள், வாரியின் மிக நீண்ட நாட்களுள் ஒன்று. மலையேற்றத்தில் ரதத்துக்குக் கூடுதல் காளைகள் பூட்டப்படுகின்றன. மனிதர்களுக்குக் கூடுதலாகப் பூட்ட ஒன்றுமில்லை, ஞானேசுவரர் துக்காராம் நாமங்களைத் தவிர. தலையில் துளசி மாடம் சுமந்த மூதாட்டிகள், தோளில் வீணை தாங்கியவர், தாளம் தட்டுவோர், காவிக் கொடி பிடிப்போர் என்று ‘திண்டி’ எனப்படும் குழுக்களாக ஏறுகிறார்கள். முன்பின் அறியாத இருவர் சந்தித்தால் ஒருவர் காலை ஒருவர் தொட்டு வணங்கி, ‘மாவுலி’ என்று அழைத்துக்கொள்கிறார்கள். மாவுலி என்றால் தாய். ஞானேசுவரருக்கு உரிய பெயர் அது. அந்தப் பெயரால் பதினெட்டு வயது இளைஞன் எழுபது வயது முதியவரை அழைக்கிறான், அவரும் அவனை அப்படியே அழைக்கிறார். கூட்டத்தில் யாரேனும் காலை மிதித்துவிட்டால், ரயில் பெட்டியில் எழக்கூடிய சொல் வேறு. இங்கே எழுவது ‘மாவுலி’.

பண்டரிபுரம் சேர்ந்த பின் என்ன கிடைக்கிறது? கூட்டம் லட்சக்கணக்கில். கருவறைக்குள் சென்று விட்டலனின் திருவடியைத் தொடவேண்டுமானால் நெடுநேரம் வரிசையில் நிற்கவேண்டும். பல வார்க்கரிகள் அதற்கு நிற்பதில்லை. சந்திரபாகையில் நீராடி, கோபுரக் கலசத்தைத் தூரத்திலிருந்து தரிசித்து, கைகூப்பிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 250 கிலோமீட்டர் நடந்தது இதற்காகவா என்று ஒரு சுற்றுலாப் பயணி கேட்கக்கூடும். அவர்களுக்கு அப்படி ஒரு கேள்வியே எழுவதில்லை. விட்டலன் வழிநெடுகக் கூடவே நடந்துதான் வந்தான்.

அப்பரின் கயிலை யாத்திரையும் இப்படி முடிந்த ஒன்றுதான். கால்கள் தேய்ந்தன, கைகளால் ஊன்றித் தவழ்ந்தார், கைகளும் தேய மார்பால் நகர்ந்தார், பிறகு புரண்டார். ஆயினும் கயிலைக்குப் போய்ச் சேரவில்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொல்லி அசரீரி எழுந்தது. மூழ்கியவர் எழுந்த இடம் சோழநாட்டுத் திருவையாறு. ஆணும் பெண்ணுமாக யானைகளும் கோழிகளும் குயில்களும் இணை இணையாக வருவதைக் கண்டார். எல்லாம் சிவமும் சக்தியுமாகத் தெரிந்தன. கயிலையில் காணவேண்டியதை அவர் கண்டது, தாம் பலமுறை நடந்து பழகிய காவிரிக்கரையில்.

புரண்டு படுத்தவர்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நடையும் பசியும் களைப்பும் தம்மளவில் யாருக்கும் ஆனந்தம் தருவதில்லை. ஆன்மீகம் பேசுவோர் சில சமயம் இதை மறந்து, பிறர் படும் துன்பத்துக்கு மெருகு பூசிவிடுகிறார்கள்.

2020-ல் கொரோனா ஊரடங்கின்போது, வேலையும் கூலியும் இழந்த தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து ஊர் திரும்ப முயன்றார்கள். மகாராஷ்டிரத்தின் ஜால்னாவிலிருந்து புறப்பட்ட ஒரு குழுவினர், மத்தியப் பிரதேசத்திலுள்ள தங்கள் ஊர்களுக்குப் போக ரயில் கிடைக்குமென்று தண்டவாளத்தின் வழியே நடந்தார்கள். ரயில்கள் ஓடவில்லை என்ற எண்ணத்தில் களைத்துத் தண்டவாளத்திலேயே படுத்துவிட்டார்கள். மே 8 அன்று அதிகாலை, அன்றைய ஔரங்காபாத் மாவட்டத்துக் கர்மாட் அருகே சரக்கு ரயில் ஏறி 16 பேர் இறந்தார்கள். அவர்கள் வழிக்கென்று கட்டி வைத்திருந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்ததை நாடு படத்தில் பார்த்தது.

அந்தப் பாதையிலும் நடந்தவர்கள் களைத்தவர்கள்தான், எளியவர்கள்தான், உடைமையற்றவர்கள்தான். அவர்களிடம் போய், பயணத்தின் களைப்பில் ஆனந்தம் உண்டு என்று உபதேசிப்பது பாவம்.

ஆகவே தாரிகாட் நிகழ்ச்சியை இன்னொரு பக்கத்திலிருந்தும் படிக்க வேண்டியிருக்கிறது. அதைச் சொல்பவர்கள் சுவாமிஜியின் துறவைப் போற்றுகிறார்கள், ராமரின் கருணையைப் போற்றுகிறார்கள். மிட்டாய்க் கடைக்காரர் முதல் முறை புரண்டு படுத்ததை விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் அவர் நல்லவர், உண்ட மயக்கத்தில் இருந்தார், கனவை யார் நம்புவார்? எந்த நியாயமான மனிதரும் அப்படித்தான் புரண்டு படுப்பார். அவர் இரண்டாம் முறையும் புரண்டிருந்தால் நிலையத்தில் ஒரு துறவி பட்டினியுடன் அமர்ந்திருப்பார், சுவாமிஜியின் சமநிலைக்கு அதனால் குறைவு வந்திராது. கடைக்காரருக்குத்தான் இழப்பு. சமையலறையில் வியர்த்து, வெயிலில் கூஜாவுடன் ஓடிவந்த களைப்பில் அவருக்குக் கிடைத்த ஆனந்தம், நன்றியைக்கூட வாங்க மறுக்கும் அளவுக்கு நிறைவானதாக இருந்தது. அன்று வழியில் இருந்தவர் ஒருவரல்லர், இருவர்.

2020-ல் நெடுஞ்சாலை ஓரங்களில் சோறும் தண்ணீரும் செருப்பும் வைத்துக்கொண்டு நின்றவர்கள் பலர் உண்டு. இரண்டாம் தள்ளலில் எழுந்தவர்கள் அவர்கள். புனேயில் வாரி தங்கும் நாட்களிலும் இதைக் காணலாம். நகரவாசிகள் வார்க்கரிகளுக்கு உணவும் தேநீரும் அளிக்கிறார்கள், வீங்கிய பாதங்களுக்கு எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுகிறார்கள், அறுந்த செருப்பைத் தைத்துத் தருகிறார்கள். அவற்றில் ஈடுபட்டவர்களின் முகத்தைப் பார்த்தால், அந்த நாளில் யார் அதிகம் பெற்றார்கள் என்று கணக்கிடுவது கடினம். அந்த 2020-லும் அதற்கடுத்த ஆண்டிலும் நோய்த்தொற்று காரணமாக நடை வாரி நடைபெறவில்லை. பாதுகைகள் மட்டும் அரசுப் பேருந்துகளில் பண்டரிபுரம் சென்றன. பல்லக்கு வராத அந்த ஆனி மாதங்களில், எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வர வழியில்லாமல் போயிற்று. நடை மீண்டும் 2022-ல் தொடங்கியது.

ஒரு பெண் கேட்ட கேள்வி

வாரியில் நடந்தவர்களுள் ஒருவர் இராவதி கார்வே (1905-1970). புனே டெக்கான் கல்லூரியில் சமூகவியல், மானிடவியல் துறைக்குத் தலைமை வகித்த அறிஞர். மகாபாரதக் கதைமாந்தரைப் பற்றி அவர் எழுதிய ‘யுகாந்தா’ என்ற நூலுக்கு 1968-க்கான சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. பக்தியை வெளியே நின்று ஆராயும் பழக்கமுள்ளவர். அவர் ஒரு திண்டியுடன் சேர்ந்து பண்டரிபுரத்துக்கு நடந்தார், அந்த அனுபவத்தை மராத்தியில் ஒரு கட்டுரையாக எழுதினார். 1962-ல் அது ஆங்கிலத்திலும் வெளிவந்தது. வாரியைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இவ்வளவு அன்பும் இவ்வளவு நேர்மையும் சேர்ந்தவை குறைவு.

நடந்தவர்களின் உற்சாகத்தையும் பாடலையும் அவர் மகிழ்ந்து எழுதியிருக்கிறார். கூடவே தம்மை உறுத்திய ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தத் திண்டியில் பிராமணர்களும் மராட்டியரும் இருந்தார்கள். பகலெல்லாம் ஒன்றாக நடந்தார்கள், ஒரே நாமத்தைப் பாடினார்கள். உணவு வேளையில் பிரிந்தார்கள். சமையலும் வேறு, பந்தியும் வேறு. அனைவரையும் தாய் என்று அழைக்கும் வாய்கள் தனித்தனியே உண்டன. கார்வேக்கு இது பெரும் வேதனையைத் தந்தது. பிராமணக் குலத்தில் பிறந்த அவர் எழுந்து சென்று மராட்டியப் பெண்களுடன் அமர்ந்து உண்டார்.

பெரிய புரட்சி என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு வேளைச் சோறு, அவ்வளவுதான். ஆனால் அதன் பின் நடந்ததை அவர் எழுதியிருக்கிறார். அதுவரை விலகி நடந்த பெண்கள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னார்கள். பயணம் முடியும் தறுவாயில் அவரை அக்கா என்று அழைத்தார்கள். களைத்த கால்களுடன் நடந்த அந்த அறிஞருக்கு எந்த ஆய்விலும் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. அது வாரியில் சேர்ந்த முதல் நாளே கிடைத்துவிடவில்லை. வரிசை மாறி உட்கார்ந்த பிறகுதான் கிடைத்தது. வழி தானாக எதையும் கொடுப்பதில்லை. கையிலிருக்கும் பட்டியலில், உரிமை என்று எழுதியதும் உயர்வு என்று எழுதியதும் ஆகிய வரிகளை யாரோ ஒருவர் முதலில் அழிக்க வேண்டியிருக்கிறது.

புனேயில் தங்கள் அக்காவின் வீட்டுக்கு ஒருநாள் வருவதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். அப்போது இளம்பெண் ஒருத்தி கேட்டாள்: நாங்கள் அங்கே வந்தால், இங்கே எங்களுடன் பழகுவதுபோலவே அங்கேயும் பழகுவீர்களா?

எளிய கேள்விதான். ஆனால் அது தம் நெஞ்சின் ஆழத்தைத் தொட்டுவிட்டதாகக் கார்வே எழுதுகிறார். அந்தப் பெண் உபநிஷதம் படித்தவள் அல்லள். இருந்தும் ஆனந்தத்தைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வழியில் எல்லோரும் மாவுலி. வீட்டில் வாசற்படி இருக்கிறது, சமையலறை இருக்கிறது, எந்தக் குவளையில் யாருக்குத் தண்ணீர் என்பது இருக்கிறது. கயிலையைத் திருவையாற்றில் கண்டால்தான் கண்டதாகும் என்பதை அவள் தன் மொழியில் கேட்டாள்.

ஏகாதசி முடிந்ததும் பண்டரிபுரம் காலியாகத் தொடங்குகிறது. போகும்போது நடந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பும்போது பேருந்திலோ ரயிலிலோ வருகிறார்கள். குர்டுவாடி வழியாகத் தௌண்ட் வந்து புனேக்குச் செல்லும் வண்டிகளில் உட்கார இடமிருக்காது. மூட்டைகளின் மேலும் வாசற்படியிலும் அமர்ந்து, பிரசாதப் பொரியைப் பக்கத்திலிருப்பவருக்குப் பங்கிட்டபடி வருகிறார்கள். யாரோ தாளம் தட்டுகிறார்கள், பெட்டியின் மறுகோடி சேர்ந்து பாடுகிறது. ஹடப்ஸர் கடக்கிறது. கோர்படியில் சிக்னல் விழவில்லை, வண்டி நிற்கிறது. இன்னும் சிறிது நேரத்தில் புனே வந்துவிடும், அவரவர் தம் மூட்டையைத் தேடத் தொடங்குவார்கள். இப்போது பாட்டு நடந்துகொண்டிருக்கிறது.